தண்ணீர் வடியாத ஊரில்: டெல்டா வெள்ளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது தலைஞாயிறு பக்கம், அடப்பாற்றின் கடைமடையில், அதாவது ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் பகுதியில். புரட்டாசி முடியும்போது எங்கள் பக்கத்து ஊர்களில் வெள்ளம் பற்றிப் பேசுவதற்கென்றே கூட்டம் போடுகிறோம். பள்ளிக்கூடத் திண்ணையிலும் ரேஷன் கடை வாசலிலும் வைத்து மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எங்கே இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். காரைக்கால்காரர்களுக்கும் இதே ஆறுகள்தான். நிர்வாகம் வேறு என்பதால் அங்கே அறிவிப்பும் நிவாரணமும் புதுச்சேரி அரசிடமிருந்து வரும்.

எங்கள் வீடு ஆற்றங்கரையில் இல்லை. எங்களுக்கு எதற்கு வெள்ள பயம்?

டெல்டாவுக்கு வெள்ளம் மூன்று வழியாக வருகிறது. ஒன்று, மேற்கே இருந்து ஆற்றில் வருவது. இரண்டு, மேலே இருந்து மழையாகக் கொட்டுவது. மூன்று, கிழக்கே கடலில் இருந்து ஏறுவது. ஆறு பக்கத்தில் இல்லாத வீட்டுக்கும் மழை வெள்ளம் உண்டு. கடலோரத்தில் மூன்றும் ஒரே நாளில் சேரலாம்.

மூன்றும் தண்ணீர்தான் என்றாலும் அவை நமக்குக் கொடுக்கும் நேரம் வேறு வேறு. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மாட்டை ஓட்டலாம், நெல்லை ஏற்றலாம். மழை வெள்ளத்துக்கு ஒரு ராத்திரி போதும். புயல் வருவது இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும், ஆனால் கடல் உள்ளே ஏறும்போது ஓடுவதற்கு நிமிடங்கள்தான் இருக்கும். ஆகவே "தண்ணி வருது" என்று யாராவது சொன்னால், எந்தத் தண்ணீர் என்று முதலில் கேளுங்கள்.

மேட்டூர் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா?

எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் மட்டும் அன்றே தயாராக வேண்டும்.

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணை நிரம்பிய பிறகு கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டே இருந்தால், வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விடுவதைத் தவிர வழியில்லை. அந்தத் தண்ணீர் முக்கொம்பு மேலணைக்கு வந்ததும் பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போகும், உபரி கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும். காவிரியும் வெண்ணாறும் பாசனத்துக்காக வளர்த்த ஆறுகள். பெருவெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடத்தின் வேலை. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் தஞ்சாவூரும் கும்பகோணமும் ஆடி மாதத்தில் நிம்மதியாகத் தூங்குகின்றன.

2018 ஆகஸ்டில் அப்படி ஒரு பெருவெள்ளம் போனது. அந்த மாதம் 22-ம் தேதி முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் இடிந்து விழுந்தன. 1836-ல் கட்டிய அணை அது. 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் 56 லட்சம் லிட்டர் நம்மைத் தாண்டிப் போகிறது. அந்த மாதிரி நேரத்தில் கொள்ளிடம் கடலைச் சேரும் பகுதியில் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்கள் மூழ்கும். ஊரின் பெயரிலேயே படுகை, திட்டு, மணல் என்று இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் மேட்டூரில் 1 லட்சம் கன அடியைத் தாண்டி விடுகிறார்கள் என்று கேட்ட அன்றே மாடு கன்றுகளைக் கரைக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அதிகாரி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆடிப்பெருக்கு அன்று படித்துறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நுங்கும் நுரையுமாக ஓடும் ஆற்றில் படி எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியாது. பிள்ளைகளை மேல் படியிலேயே நிறுத்துங்கள்.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை என்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக்கு.

செ.மீ. என்று சொன்னால் பலருக்கு மனதில் படுவதில்லை. 2022 நவம்பரில் 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. பெய்தது. ஒரு ஏக்கர் வயலில் 44 செ.மீ. மழை என்றால் சுமார் 17 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியால் அள்ளினால் 148 லோடு. இது ஒரே ஒரு ஏக்கருக்கு! 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நிஷா காற்றால் பெரிய புயல் இல்லை. அந்த ஆண்டு டெல்டாவை மூழ்கடித்தது மழைதான். ஆகவே "சின்னப் புயல்தான்" என்று செய்தியில் கேட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மெதுவாக நகரும் வலுக்குறைந்த புயல்தான் நமக்கு அதிக மழை கொடுக்கும். 2020 டிசம்பரில் புரெவி அதைத்தான் செய்தது.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் தண்ணீர் ஏன் வடிய மாட்டேன் என்கிறது?

கூட்டங்களில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். எனக்கும் இதுதான் முக்கியமாகப் படுகிறது. டெல்டாவில் தண்ணீர் வருவது பாதித் துன்பம். மீதிப் பாதி அது போகாமல் இருப்பது.

முதல் காரணம் நிலம். உள்ளங்கை மாதிரி தட்டையான பூமி இது. தலைமடையில் இருந்து கடைமடை வரை சரிவு மிகமிகக் குறைவு. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது, நாம் வடிகால் வெட்டி வழி காட்டினால்தான் போகும்.

இரண்டாவது காரணம், பாசன ஆறும் வடிகாலும் ஒன்றாகவே இருப்பது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து வருகிற தண்ணீர் மேலே வயலுக்குப் பாய்கிறது. கீழே வர வர அதே ஆறுகளில்தான் வயல் தண்ணீர் வடிகிறது. மேலே இருப்பவர்கள் வடிக்கிற தண்ணீர் எல்லாம் கடைமடைக்கு வந்து சேரும். தலைமடையில் மழை விட்டு வெயில் அடிக்கும்போது எங்கள் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். முதல் நாள் வீடு தப்பித்துவிட்டது என்று மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் ராத்திரி நனைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று.

மூன்றாவது, கடல். காற்றழுத்தத் தாழ்வு கரையருகே இருக்கும்போதும் அமாவாசை, பௌர்ணமி ஓதத்திலும் (கடல் ஏற்றத்திலும்) கடல் மட்டம் உயர்ந்து நிற்கும். அப்போது முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் முட்டி நின்றுவிடும். "கடல் தண்ணியை வாங்க மாட்டேங்குது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கடைமடை சட்ரஸ் (ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பு) கதவுகளை அந்த நேரத்தில் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், மூடினால் வெள்ளம் தங்கும். ஓதம் இறங்குகிற சில மணி நேரத்தில் திறந்து, ஏறுவதற்குள் மூட வேண்டும். அந்த வேலையை நடுராத்திரி மழையில் நின்று செய்கிற நீர்வளத்துறை லஸ்கர்களை (மதகு இயக்கும் ஊழியர்களை) நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், ஒரு டார்ச் லைட்டும் நாலு ஆளுமாகக் கூடப் போய் நில்லுங்கள்.

நான்காவது காரணம் மட்டும் நம் கையில் இருக்கிறது. வடிகால் வாய்க்காலில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக்கிடப்பது, முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது, வடிகாலுக்கு நடுவே சின்னக் குழாயைப் போட்டு மேலே பாதை அமைப்பது, குளத்தை மூடி மனை போடுவது. வெண்ணாற்று உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு சீரமைத்தார்கள். பெரிய ஆறு சரியானாலும், நம் தெருவில் இருந்து அதுவரை போகும் கன்னி வாய்க்கால் அடைபட்டிருந்தால் வாசலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் வீட்டு வாசலில் இருந்து கிளம்பி, தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து ஆறு வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். எங்கே நிற்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆற்றுக் கரை உடையப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரையின் வெளிப்பக்க அடியில் புதிதாக ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். கசிவு தெளிந்த தண்ணீராக இருந்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கி, மண்ணோடு வந்தால் உள்ளே கரை அரிக்கிறது என்று அர்த்தம். கரை மேலே நீளவாக்கில் வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரம், எலி வளை, நண்டு வளை வழியே வரும் ஊற்று, இவையும் அறிகுறிகள்.

ஊற்று கண்டால் அதன் வாயைத் துணியாலோ மண்ணாலோ அடைத்துவிடாதீர்கள், பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உயர்த்துங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற அழுத்தம் குறைந்து, மண் வருவது நிற்கும். உடனே நீர்வளத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். சாக்கு, மணல், சவுக்குக் கட்டை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். வயல் மூழ்குகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயலில் நாலு அங்குலம் குறையும். எதிர்க்கரையில் ஒரு தெருவே மூழ்கும். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் வீட்டுக்குள் தண்ணீர் போகும். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள், செய்கிறவர்களைப் பார்த்தும் பாராமல் இருக்காதீர்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அதிகாரியும் ஒன்றாக நின்று முடிவு செய்து வடிகாலில் வெட்டுவது வேறு.

புயல் அன்று எதில் அதிக ஏமாற்றம் நடக்கிறது?

காற்று திடீரென்று நிற்கும்போது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை, நடுராத்திரி தாண்டி 12.30-க்கும் 2.30-க்கும் நடுவே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் கொஞ்ச நேரம் இலை கூட அசையாது. புயல் போய்விட்டது என்று வெளியே வருவார்கள். அப்புறம் எதிர்த் திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆடி நின்ற மரமும் சுவரும் இரண்டாவது காற்றில் விழும். காற்று நின்றாலும் வானொலியில் புயல் கடந்துவிட்டது என்று சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி: 1, 2 என்றால் தொலைவில் புயல் சின்னம். 8, 9, 10 என்றால் பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

கோடியக்கரைக்குத் தெற்கே கடல் ஆழம் குறைவு. ஆழமில்லாத கடலில் புயல் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளி ஏற்றிவிடும். அங்கே கடலோரத்தில் இருப்பவர்கள் காற்றுக்குத் தாங்கும் மாடி வீடாக இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். 1952, 1977 நாகப்பட்டினம் புயல்களைப் பார்த்த தலைமுறை கொஞ்சம்தான் மிச்சம். அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.

சுனாமிக்கும் இதே ஏற்பாடுதானா?

இல்லை. சுனாமிக்கு மூட்டை கட்ட நேரம் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை நாகப்பட்டினத்துக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, மேற்கே நடங்கள், அல்லது உறுதியான மாடிக்கு ஏறுங்கள். முதல் அலைதான் பெரியது என்று நினைக்காதீர்கள். படகையும் வலையையும் பார்க்கத் திரும்பிப் போகாதீர்கள்.

வீட்டை விட்டு எப்போது கிளம்ப வேண்டும்? முகாமுக்குப் போகச் சங்கடமாக இருக்கிறதே.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே. அதற்கு மேல் எந்தக் கணக்கும் வேண்டாம். இருட்டிய பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் கிழவியைத் தூக்கிக்கொண்டு போன அனுபவம் எனக்கு இருக்கிறது. வாய்க்கால் எது, பாதை எது என்று தெரியாது. மாலை நாலு மணிக்குத் தண்ணீர் வாசல்படியைத் தொட்டிருந்தால், ராத்திரி வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மண் சுவர் வீட்டிலும் அரசு கட்டித்தந்த பழைய தொகுப்பு வீட்டிலும் இருப்பவர்கள் தண்ணீர் வரும் வரை கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டு நாள் அடைமழையில் ஊறிய சுவர் மூன்றாம் நாள் மழை விட்ட பிறகும் இடியும், அதுவும் தூங்கும் நேரத்தில். தொகுப்பு வீட்டில் மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அந்த மழைக்காலம் முழுக்க அங்கே படுக்காதீர்கள்.

முகாமுக்குப் போவதில் இருக்கும் தயக்கம் எனக்குப் புரிகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பொருள் போய்விடும் என்ற பயம், பத்துக் குடும்பம் ஒரே ஹாலில் படுக்கும் கூச்சம், கழிவறைக் கஷ்டம், வயதுப் பெண்களை வைத்துக்கொண்டு எப்படி என்ற கவலை. இதெல்லாம் நியாயமான கவலைகள். அதனால் மழைக்கு முன்பே உங்கள் ஊர் முகாம் எது என்று கேட்டு, போய்ப் பாருங்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனி அறை உண்டா, ஜெனரேட்டர் ஓடுகிறதா, சக்கர நாற்காலி ஏறுமா என்று பாருங்கள். குறையை ஊராட்சியிலும் தாலுகா அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒரு மழையில் நாங்கள் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் நனைந்துகொண்டு நின்றோம். அன்றிலிருந்து சாவி எங்கே என்பதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். இன்னொன்று: முகாமில் எந்தத் தெருக்காரரும் எந்தச் சாதிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். தனித்தனியாகப் பிரித்து உட்காரவைத்தால் அங்கேயே கேளுங்கள்.

நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜனில் இருப்பவர் வீட்டில் இருந்தால் முகாம் போதாது. சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனை உள்ள ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பிரசவத் தேதியைச் சொல்லி வைத்தால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

கையில் என்ன எடுத்துக்கொள்வது?

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில். போனில் படமும் எடுத்து வைத்திருங்கள். பத்து நாள் மாத்திரை. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், இவை சமைக்காமல் சாப்பிடலாம். டார்ச், நெருப்புப்பெட்டி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், நாப்கின், குழந்தைக்குப் பால் பவுடர், கொஞ்சம் சில்லறைப் பணம். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் குடிநீர் மோட்டாரும் ஓடாது என்பதால் குடத்திலும் டிரம்மிலும் முன்கூட்டியே தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி, கட்டிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலி சிலிண்டர் தண்ணீரில் மிதந்து போய்விடும்.

மாடு, ஆடுகளை என்ன செய்வது?

கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். மேடான இடத்துக்கு ஓட்ட முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், மாடு நீந்தும். எங்கள் பக்கத்து உம்பளச்சேரி மாடுகள் சேற்றிலும் தண்ணீரிலும் பழகியவை. கட்டுத்தறியில் கட்டியிருந்தால் அவையும் பிழைக்காது. மின்கம்பத்தின் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது, மழைக்காலத்தில் அது கொலைக்குச் சமம். வைக்கோலில் ஒரு பகுதியை மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

மின்சாரம்?

தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரக் கையோடும் தண்ணீரில் நின்றுகொண்டும் தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பத்து மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்திவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள். வயலில் விழுந்த கம்பி தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்பதால், புயலுக்கு மறுநாள் விடியும் முன் வடிகால் வெட்ட இறங்காதீர்கள்.

சம்பா மூழ்கிவிட்டது. பிழைக்குமா?

பயிரின் வயதையும் தண்ணீர் நின்ற நாளையும் பொறுத்தது. நுனி வெளியே தெரிந்தால் நம்பிக்கை உண்டு. நட்டுச் சில நாளே ஆன நாற்று முழுக்க மூழ்கி நாலைந்து நாளைத் தாண்டினால் அழுகத் தொடங்கும். சிஆர் 1009 சப்-1 ரகம் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் அது வெள்ளத்தில் மூழ்கி மீள்வதற்கான ரகம், மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு அல்ல. பள்ளக்கால் வயல்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு விதைக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு உரம் போடாதீர்கள். வேர் மூச்சுவிட்டு, புதுத் தளிர் தெரியட்டும். அப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷும் சேர்த்து இடச் சொல்லி வேளாண்மைத் துறை பரிந்துரைக்கிறது. உங்கள் வயலின் நிலையைப் பார்த்து உதவி வேளாண்மை அலுவலர் மாற்றிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

காப்பீடு, நிவாரணம் இரண்டும் ஒன்றா?

இல்லை, இரண்டும் தனி. பயிர்க் காப்பீடு நீங்கள் பணம் கட்டிச் சேர்வது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும், கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். நவம்பர் முதல் வாரமே மழை கொட்டி இ-சேவை மையத்தில் சர்வர் நின்றுபோகும், ஐப்பசி தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். இழப்பீடு பெரும்பாலும் உங்கள் ஒரு வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய் கிராமம் முழுவதிலும் அறுவடைச் சோதனை செய்து கணக்கிடுகிறார்கள். அதனால் வயல் முழுக்க அழிந்தும் பணம் வராத விவசாயி இருக்கிறார். இந்த முறை மாற வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் காப்பீடு கட்டாமல் விடாதீர்கள்.

நிவாரணம் என்பது அரசு கொடுப்பது. 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்றும், மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000, சேதமான குடிசைக்கு 8,000 என்றும் 2023 டிசம்பரில் தமிழக அரசு உயர்த்தி அறிவித்தது. கணக்கெடுக்க வரும்போது வயலில் நீங்கள் நில்லுங்கள். தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்து வையுங்கள். இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்க்க வேண்டும். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில் இல்லாவிட்டால் பணம் நிலக்காரருக்குப் போய்விடும். ஆவணியிலேயே அதைச் சரிசெய்யுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் என்ன?

கதவைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள், குச்சியால் தட்டுங்கள். மேட்டைத் தேடி வந்த பாம்பு அலமாரியிலும் சுருட்டிய பாயிலும் இருக்கும். கடித்தால் வெட்டவோ, இறுக்கிக் கட்டவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், நச்சுமுறிவு மருந்து அங்கே இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மூழ்கிய கைப்பம்புத் தண்ணீரைச் சுகாதாரத் துறையினர் பார்த்துச் சொல்லும் வரை குடிக்காதீர்கள். சேற்றில் நின்று வேலை செய்தவருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "வெள்ளத்தில் வேலை பார்த்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு வழி தெரியும்.

எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. எந்த அவசரத்துக்கும் 112. கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554. டிஎன்-அலர்ட் செயலியைப் போனில் போட்டு வையுங்கள். கூப்பிடும்போது ஊர் பெயரோடு ஒன்றியத்தையும் சொல்லுங்கள், ஒரே பெயரில் டெல்டாவில் பத்து ஊர் இருக்கும். எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை, தண்ணீர் எவ்வளவு உயரம், இந்த மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். தெருவில் தனியாக இருக்கும் பாட்டி, காது கேட்காத தாத்தா, படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், ஒவ்வொருவருக்கும் எதிரே அவரைக் கூட்டிவரப் பொறுப்பான இரண்டு பேர் பெயர். இரண்டு பேர் ஏன் என்றால் அன்றைக்குப் பார்த்து ஒருவர் வெளியூர் போயிருப்பார். யார் வீட்டில் டிராக்டர், யாரிடம் டீசல் மோட்டார், யாருக்கு நீச்சல் தெரியும், மரம் அறுக்கும் மெஷின் எங்கே என்பதும் அதிலேயே இருக்கிறது. காலி டிரம் நாலும் மூங்கிலும் கயிறும் சேர்த்துத் தெப்பம் கட்ட எங்கள் பையன்களுக்குப் பழக்கியிருக்கிறோம். பழைய வாழைத்தண்டுத் தெப்பத்தைவிட இது நிலையாக நிற்கிறது.

அப்புறம், 2008-ல் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் நீலப் பெயின்ட்டில் கோடு போட்டு ஆண்டையும் எழுதினோம். ரேஷன் கடையில் அந்தக் கோடு என் மார்பு உயரத்துக்கு இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு தெருவில் ஆறு வீடுகளில் சுவிட்ச் போர்டை மேலே ஏற்றிவிட்டார்கள். நெல் மூட்டை அடுக்கும் பரணையும் அந்த மட்டத்துக்கு ஒரு முழம் மேலேதான் இப்போது கட்டுகிறார்கள்.